நோய் தணிந்த நாளில் நடந்துவிட்டதால் சக்கர நாற்காலி மறுக்கப்பட்டால்

சகோதரி, தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு மூட்டுகளை வீங்கவைக்கும் முடக்குவாதம், தெரபிஸ்ட் முன்னால் நாலடி நடந்துவிட்டதால் அரசு மருத்துவமனையில் சக்கர நாற்காலி இல்லை என்றார்கள் என எழுதியிருந்தீர்கள். ஏறி இறங்கும் நோயை ஒரே நாளில் எடைபோடுவது அநியாயம். விட்டுவிடாதீர்கள்.

இரண்டு வாரம் தினமும் குறித்து வையுங்கள்: காலை விறைப்பு விட எத்தனை நிமிடம், எத்தனை மீட்டரில் நின்றார், மறுநாள் எப்படி இருந்தார். "நடக்கச் சிரமம்" என்றால் எடுபடாது. "டாக்சி நிறுத்தம் 80 மீட்டர், இருமுறை உட்கார்ந்தார்" என்று எழுதுங்கள். அதைக் கிளினிக் டாக்டரிடம் காட்டி, நோய் நாளுக்கு நாள் மாறுவதைப் பரிந்துரைக் கடிதத்தில் சேர்க்கச் சொல்லி, ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் (அன்றாட வேலைகளைச் செய்ய உதவும் சிகிச்சையாளர்) மறுமதிப்பீடு கேளுங்கள்.

விரல் மூட்டு வீங்கினால் சக்கரத்தைத் தானே தள்ள முடியாது. இதை முதலிலேயே சொல்லுங்கள், நாற்காலி வகையே மாறும். அளவும் முக்கியம்: இருக்கையின் ஆழம், பின்பக்கத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரையுள்ள நீளத்தைவிட 3 முதல் 6 செ.மீ. குறைவாக இருக்க வேண்டும். நீண்டால் மடிப்பில் அழுத்தும், அவர் முன்னால் சரிந்து உட்காருவார். குளியலறைக் கதவின் அகலத்தையும் அளந்து கொண்டுபோங்கள்.

சாஸா (தென்னாப்பிரிக்க அரசின் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) தரும் உதவித்தொகையை அம்மா வாங்கினால் அதன் சான்றை அடையாள அட்டையோடு காட்டுங்கள், கட்டணமில்லாப் பிரிவில் பதிவார்கள். காத்திருப்புப் பட்டியலில் பெயர் ஏறிய தேதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.