ஓடும் வண்டியிலிருந்தே மறைந்திருக்கும் கதிரியக்கப் பொருளைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். 2023 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவில், சுரங்கத்திலிருந்து பெர்த் நகருக்கு லாரியில் வந்த அளவுக் கருவி ஒன்றிலிருந்து சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் அடங்கிய குப்பி வழியிலேயே விழுந்துவிட்டது. நீளம் 8 மி.மீ., விட்டம் 6 மி.மீ.; புளியங்கொட்டையைவிடச் சிறியது. தேட வேண்டிய சாலையோ சுமார் 1,400 கி.மீ.! பிப்ரவரி 1 அன்று, நியூமன் ஊருக்குத் தெற்கே மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் போன தேடுதல் வண்டியின் உணர்கருவி அதைக் காட்டிக்கொடுத்தது.

அது ஆளரவமற்ற பாலை நிலம். நகரத்தில் இது எளிதல்ல. கருங்கல் கட்டடம், கதிரியக்க மருந்து உட்கொண்ட நோயாளி என எல்லாமே கதிர் வீசுவதால், உணர்கருவி எண்ணும் கதிர்களின் எண்ணிக்கையை ஏற்றும். அங்கேதான் படமெடுக்கும் கருவி தேவைப்படுகிறது. இத்தகைய பொருள்களிலிருந்து வரும் காமா கதிரைச் சாதாரணக் கண்ணாடி வில்லையால் குவிக்க முடியாது. அதனால் ஈயக் கட்டிகளை இடைவெளி விட்டு ஒரு குறிப்பிட்ட கோலத்தில் அடுக்கி, பின்னால் கதிரை உணரும் சோடியம் அயோடைடு படிகங்களை வரிசையாக வைக்கிறார்கள். ஜன்னல் கம்பியின் நிழல் தரையில் விழுவதுபோல, ஈயக் கட்டிகளின் நிழல் படிகங்கள்மேல் விழும். நிழல் எங்கே விழுகிறது என்பதை வைத்துக் கணினி திசையைச் சொல்லிவிடும்.

தூரம்? ரயிலில் போகும்போது அருகிலுள்ள மரம் விரைந்தோடும், தொலைவு மலை கூடவே வரும் அல்லவா? வண்டி நகரும்போது நிழலும் அப்படித்தான் நகர்கிறது: பொருள் அருகில் இருந்தால் வேகமாக, தொலைவில் இருந்தால் மெதுவாக. கதிரின் ஆற்றல் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்றால் சீசியம்-137 என்று ஆளையும் அடையாளம் காணலாம். தடித்த ஈயப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தால் மட்டும் இந்த வித்தை பெரும்பாலும் பலிக்காது.