அம்மாவுக்கு மறதி கூடிவருகிறது. நினைவாற்றல் பரிசோதனையில் என்ன செய்வார்கள்?

பயப்பட வேண்டாம், பெரும்பகுதி பேச்சுதான். 1975-இல் உருவான 30 மதிப்பெண் தேர்வில் இன்று என்ன கிழமை என்று கேட்பார்கள். மூன்று சொற்களைச் சொல்லிச் சற்று நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். 100-லிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வார்கள். கடிகாரம் வரையச் சொல்வதும் உண்டு. என் மாமியார் வட்டத்தை அழகாகப் போட்டுவிட்டு, பன்னிரண்டு எண்களையும் வலப்பக்கமே நெருக்கி எழுதினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மதிப்பெண்ணை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள். பள்ளிக்கூடம் போகாதவருக்குக் கழித்தல் தடுமாறும். காது மந்தமானால் கேள்வியே விளங்காது. வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியைத் தரும். இவற்றுக்குச் சிகிச்சை இருப்பதால் இரத்தப் பரிசோதனையைத் தட்டிக்கழிக்கவே கூடாது.

மூக்குக்கண்ணாடி, காதுக் கருவி, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். அம்மா பதிலுக்குத் தவிக்கும்போது பக்கத்திலிருந்து எடுத்துக்கொடுக்க மட்டும் வேண்டாம்.