ஃபேன் சத்தம் போடுகிறது, வாரண்டி வராது என்கிறது கடை

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் வசிக்கிறேன். பட்டுச் சேலைக்கு ஜக்கார்டு டிசைன் வரைந்து கொடுப்பது என் தொழில். ஏழு மாதம் முன்பு டவுனில் ஒரு கடையில் ரூ.58,000 கொடுத்து கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து வாங்கினேன். மூன்றாம் மாதத்திலிருந்து கேபினெட் ஃபேன் கரகரவென்று இரைகிறது. கடைக்காரர், "உங்க ஏரியாவில தறித் தூசி, அதுக்கு வாரண்டி வராது. தொழிலுக்கு வாங்கினதால கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கும் போக முடியாது" என்கிறார். ஒரு வருட வாரண்டி என்று பில்லில் இருக்கிறது. கூடவே 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். நான் என்ன செய்யலாம்?

பதில்: கோர்ட்டுக்குப் போக முடியாது என்று சொன்னது தவறு. வணிக நோக்கத்துக்கு வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 சொல்வது உண்மைதான். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே ஒருவர் வாங்கித் தாமே பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று அதே 2(7) பிரிவின் விளக்கம் சொல்கிறது. நீங்களே உட்கார்ந்து வரைகிறீர்கள். சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பத்து கம்ப்யூட்டர் ஓட்டினால் பேச்சு வேறு. உங்கள் புகாரில் இந்த விவரம் முதல் பத்தியிலேயே இருக்கட்டும்.

பில்லில் அச்சிட்ட அந்த வரியைக் கண்டு தயங்காதீர்கள். குறைபாடுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. உங்களுக்கு அந்த நாள் கடந்துவிட்டதால் நாம் வாரண்டியைப் பிடித்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

மிச்சம் இருப்பது தூசி. கடைக்காரரின் வாதத்தில் கொஞ்சமாவது வலு உள்ள இடம் இதுதான். அதனால் கடைக்கு நோட்டீஸ் எழுதும் முன்பே சத்தம் எங்கிருந்து, எதனால் வருகிறது என்று கண்டுபிடித்துவிடுங்கள். காரணத்தைப் பொறுத்துத்தான் சட்டத்தில் உங்கள் நிலை அமையும்.

முதலில் எதையும் துடைக்காமல் சத்தத்தோடு வீடியோ எடுங்கள். பிறகு மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்கவே வேண்டாம்; அணைத்த பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும், உயிருக்கு ஆபத்து. கேபினெட் ஃபேன்களில் ஒன்றின் ஒயரை மட்டும் கழற்றிவிட்டு மெஷினைச் சில நிமிடம் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் அந்த ஃபேன்தான் காரணம். நிற்கவில்லையென்றால் அணைத்து, ஒயரை மாட்டி, அடுத்ததைப் பாருங்கள். பிராசசர் மேல் இருக்கும் ஃபேனைக் கழற்றி ஓட்டாதீர்கள், சூடேறிவிடும்.

டக்டக்கென்று ஒரே சீராக அடித்தால் ஏதோ ஒயர் இறக்கையில் உரசுகிறது என்று அர்த்தம். கேபினெட்டைக் கையால் அழுத்தும்போது சத்தம் மாறினால் திருகு தளர்ந்திருக்கலாம். இரண்டும் அசெம்பிள் செய்தவரின் வேலைக் குறை. சட்டத்தில் இது சேவைக் குறைபாடு. காற்று மட்டும் எப்போதும் முழு வேகத்தில் இரைந்தால் பயாஸ் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது ஓடும் அடிப்படை மென்பொருள்) செட்டிங்கில் ஃபேன் வேகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று பின் (ஒயர் முனையில் மூன்று துளை உள்ள) ஃபேனை மாட்டிவிட்டு, நான்கு பின் ஃபேனுக்கான பிடபிள்யூஎம் என்ற வேகக் கட்டுப்பாட்டு முறையில் வைத்திருந்தால் அது வேகம் குறையாமல் ஓடும். மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றும் டிசி முறைக்கு மாற்றினால் போதும், இதற்கு வழக்கே வேண்டாம்.

கரகர சத்தம்தான் என்றால், மெஷினை அணைத்துவிட்டு இறக்கை சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் பஞ்சையும் தூசியையும் எடுங்கள். தூசி ஒரு பக்கமாகப் படிந்தாலும் இறக்கை சமநிலை தவறி அதிரும். சுத்தம் செய்ததும் சத்தம் போய்விட்டால் கடைக்காரர் சொன்னது சரி. அவரோடு சண்டை வேண்டாம், அவ்வப்போது துடைத்து வாருங்கள். அப்புறமும் கரகரப்பு போகவில்லை, விரலால் சுற்றினால் தடங்குகிறது அல்லது ஆடுகிறது என்றால் பேரிங் (ஃபேனின் அச்சைத் தாங்கிச் சுழலவிடும் பாகம்) தேய்ந்திருக்கிறது. மூன்றே மாதத்தில் பேரிங் போவதைப் பொருளின் குறைபாடு என்று வலுவாக வாதாடலாம். சுத்தம் செய்த பிறகும் சத்தம் வருவதை இன்னொரு வீடியோவாக எடுங்கள். வீடியோ எடுத்த போனை விற்காமல் வைத்திருங்கள். வழக்கு என்று வந்தால், வீடியோ போன்ற மின்னணு ஆதாரத்தோடு பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழையும் இணைப்பது நல்லது.

அதன்பின் மெஷினைக் கடையில் கொடுத்து, 'சுத்தம் செய்த பிறகும் ஃபேனில் சத்தம்' என்று எழுதிய ஜாப் ஷீட் (ரிப்பேருக்குப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) கேளுங்கள். மறுத்தால் அன்றே வாட்ஸ்அப்பில் அதே விவரத்தை அவருக்கு அனுப்புங்கள். வேலை நிற்கிறதே என்று வேறு ஃபேன் வாங்கி மாட்டினால், புது பில்லோடு பழைய ஃபேனையும் பத்திரமாக வையுங்கள். அதைத் தூக்கிப் போட்டுவிட்டால் குறைபாட்டைக் காட்டப் பொருளே இருக்காது.

என்னைக் கேட்டால், சில நூறு ரூபாய் ஃபேனுக்காக நேராக வழக்குக்குப் போகவேண்டாம். கன்ஸ்யூமர் கோர்ட் எனப்படும் நுகர்வோர் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பினால் அந்தக் கட்டணத்தை முதலில் உங்களையே கட்டச் சொல்லலாம், அதுவே ஃபேன் விலையைத் தாண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். கூடவே 15 நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். வக்கீல் தேவையில்லை, நீங்களே எழுதலாம். 'கம்பெனியைப் போய்க் கேள்' என்று கடை நழுவினால் கடை, ஃபேன் தயாரித்த கம்பெனி இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்கலாம்.

அதற்கும் அசையவில்லையென்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. பொருளின் விலை ரூ.5 லட்சம் வரை புகார்க் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஃபேன் மாற்றித் தருவது, நீங்கள் செலவழித்த தொகை, வேலை நின்ற நாளுக்கான இழப்பு ஆகியவற்றைக் கேளுங்கள். இழப்பைக் காட்ட அந்த நாட்களில் தள்ளிப்போன டிசைன் ஆர்டர்களின் தாளை இப்போதே எடுத்து வையுங்கள்.