கிளிப் கழற்றிய பல்லில் வெள்ளைத் திட்டு: செதுக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: டாக்டர், என் மகளுக்கு 16 வயது. பல்லில் போட்டிருந்த கிளிப்பைப் போன மாதம்தான் கழற்றினார்கள். வரிசை நன்றாக வந்துவிட்டது. ஆனால் மேல் முன்பற்களில், கிளிப் ஒட்டியிருந்த இடத்தைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். கையால் வாயை மறைத்துக்கொண்டுதான் சிரிக்கிறாள். ஒரு மருத்துவர் பல்லை லேசாகச் செதுக்கி வேனீர் (பல்லின் முன்பக்கத்தை மூடும் மெல்லிய ஓடு) ஒட்டலாம் என்றார். இன்னொருவர் ரெசின் இன்ஃபில்ட்ரேஷன் என்று ஏதோ சொன்னார். எதை நம்புவது? வலிக்குமா?
- பெயர் வெளியிட விரும்பாத தாய்

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் திட்டுகளுக்காக இப்போதைக்குச் செதுக்கச் சம்மதிக்காதீர்கள். பல்லின் கடினமான வெளிப்பூச்சான எனாமலை உருவாக்கும் செல்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடும். செதுக்கி எடுத்ததை உடம்பு மறுபடி செய்து தராது. வேனீரும் ஒருமுறை ஒட்டியதோடு முடிவதில்லை. வாழ்நாளில் அதை மாற்ற வேண்டிவரும். 16 வயதில் அந்தச் சுழற்சியைத் தொடங்கிவைப்பதற்கு எனக்கு மனம் வராது.

உங்கள் மகளின் பல்லில் ஓட்டை விழவில்லை. கிளிப்பைச் சுற்றி பிரஷ் எட்டாத இடத்தில் கிருமிகள் நிறைந்த அழுக்குப் படலம் தங்கும். அந்தக் கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்கும். அமிலத்தன்மை ஏறி பிஎச் அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால், எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறத் தொடங்கும். இதில் எனாமலின் மேல்தோல் பெரும்பாலும் கரையாமல் நின்றுவிடும். கரைவது அதற்கு அடியில்தான் நடக்கும். அதனால்தான் தடவிப் பார்த்தால் பல் முழுசாக இருப்பதுபோல் தெரிகிறது, கண்ணுக்கு மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது.

அந்த வெள்ளைக்குக் காரணம் ஒளி. நல்ல எனாமலின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு) சுமார் 1.62. கரைந்த இடத்தின் நுண்துளைகளில் இருக்கும் தண்ணீருக்கு 1.33, காற்றுக்கு 1. இந்த வித்தியாசம் கூடக்கூட ஒளி சிதறும், வெள்ளை கூடும். வீட்டிலேயே பார்க்கலாம்: சுத்தமான பஞ்சால் பல்லைத் துடைத்து, உதட்டை விலக்கிச் சற்று நேரம் உலரவிடுங்கள். உலர்ந்தால் மட்டும் தெரியும் திட்டு பெரும்பாலும் ஆழமில்லாதது. எச்சில் ஈரத்திலேயே பளிச்சென்று தெரிந்தால் கொஞ்சம் ஆழமானது.

ரெசின் இன்ஃபில்ட்ரேஷன், அதாவது ரெசின் என்ற பிசினை உள்ளே ஊறவைப்பது, இந்தத் துளைகளைத்தான் நிரப்புகிறது. ஜெர்மனியின் பெர்லின், கீல் நகரங்களில் பல் மருத்துவ ஆய்வாளர்கள், குறிப்பாக ஹென்ட்ரிக் மேயர்-லூக்கலும் செபாஸ்டியன் பாரிஸும், உருவாக்கிய முறை இது. 2009-இல் 'ஐகான்' என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. ஈறையும் உதட்டையும் காக்க ரப்பர் விரிப்புப் போட்டு, 15 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமில ஜெல்லை 2 நிமிடம் வைப்பார்கள். அமிலம் என்றதும் பயப்பட வேண்டாம்: வழியை அடைத்து நிற்கும் அந்த மெல்லிய மேல்தோலைத் திறக்கத்தான் அது. பிறகு கழுவி, ஆல்கஹால் விட்டு உலர்த்துவார்கள். திட்டு மங்குமா என்பதை அந்த ஆல்கஹால் ஈரத்திலேயே ஓரளவு முன்கூட்டிப் பார்த்துவிடலாம். மங்கவில்லையென்றால் ஜெல்லை மறுபடி வைப்பார்கள். கடைசியில் தண்ணீர்போல் நீர்த்த ரெசின் தானாகவே துளைகளுக்குள் உறிஞ்சப்படும். நீல ஒளி காட்டி அதை இறுகவைப்பார்கள். ரெசினின் ஒளிவிலகல் எண் சுமார் 1.52, எனாமலுக்கு நெருக்கம். சொரசொரப்பான கண்ணாடியில் தண்ணீர் பட்டதும் தெளிவதுபோல் வெள்ளை அடங்கிவிடும். டிரில் இல்லை, ஊசி இல்லை, பொதுவாக வலியும் இல்லை.

ஆனால் நாளைக்கே ஓடிப் போக வேண்டாம். கிளிப் எடுத்த பிறகு, பல் சுத்தமாக இருந்தாலே எச்சிலும் ஃபுளோரைடும் சேர்ந்து பல திட்டுகளை மங்கவைக்கும். 1,000 முதல் 1,500 பிபிஎம் வரை ஃபுளோரைடு உள்ள பற்பசையால் தினம் இருமுறை துலக்கட்டும். நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டு அலச வேண்டாம். மூன்று மாதமாவது பொறுத்துப் பார்ப்பேன் நான். அதன் பிறகும் உறுத்தும் திட்டுக்கு ரெசின் வைக்கலாம். படலம் தங்கும் பழக்கம் மாறாமல் வைத்தால், அதன் ஓரத்திலேயே புதுத் திட்டு கிளம்பும்.

பல்லை வெளுக்கவைக்கும் எண்ணம் இருந்தால் அதை முதலில் செய்து, சுமார் இரண்டு வாரம் கழித்து ரெசினுக்குப் போங்கள். வெளுக்கும் மருந்தின் மிச்ச ஆக்சிஜன் ரெசினைச் சரியாக இறுக விடாது. ஃபுளோரைடு மிகுதியால் வரும் லேசான ஃபுளோரோசிஸ் திட்டுகளுக்கும் இந்த ரெசின் முறை உதவும். பிறவியிலேயே எனாமல் சரியாகக் கடினப்படாத பல்லில் பலன் முன்கூட்டிச் சொல்ல முடியாதது. எனாமல் உடைந்து குழி விழுந்த இடத்தில் இது பயன்படாது, அடைக்கத்தான் வேண்டும்.

அவளிடம் தயவுசெய்து “நீ ஒழுங்காகத் துலக்கவில்லை” என்று தொடங்காதீர்கள். கம்பிகளுக்கு நடுவே துலக்குவது பெரியவர்களுக்கே சிரமம்.

கேள்வி: இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு நடுவே எக்ஸ்ரேயில் சொத்தையின் ஆரம்பம் தெரிந்து, ரெசின் ஏற்றினார்கள். இப்போதைய எக்ஸ்ரேயிலும் அதே கறுப்பு இருக்கிறது. சிகிச்சை தோற்றுவிட்டதா?
- ஒரு வாசகர்

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது. இந்த ரெசின் எக்ஸ்ரேயில் தெரியாது, அதனால் நிரப்பிய இடமும் கறுப்பாகவே இருக்கும். பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, கறுப்பு பெருத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெருக்கவில்லை என்றால் சொத்தை நின்றிருக்கிறது என்று அர்த்தம். விவரம் தெரியாத புது மருத்துவர் அதைச் சொத்தை என்று நினைத்துத் துளைத்துவிடக்கூடும். எந்தப் பல், எந்தப் பக்கம், எந்தத் தேதி என்று எழுதி வாங்கி, எக்ஸ்ரேயோடு சேர்த்து வையுங்கள்.