சிவப்பு நட்சத்திரம்

அன்புள்ள ஐயா,

என் முனைவர் பட்ட ஆய்வுக்காக இணையத்தில் ஒரு சர்வே நடத்துகிறேன். 64 கேள்விகள். பதில் விடுபடக் கூடாதென்று எல்லாவற்றையும் கட்டாயமாக்கியிருக்கிறேன். பாதிப்பேர் நடுவிலேயே போய்விடுகிறார்கள். முடிப்பவர்களிலும் பலர் வரிசையாக 'ஓரளவு ஒத்துக்கொள்கிறேன்' என்றே அழுத்துகிறார்கள். மக்களுக்கு ஏன் இவ்வளவு பொறுப்பின்மை? பரிசுக் குலுக்கல் வைத்தால் ஆட்கள் கூடுவார்களா?

ம.

அன்புள்ள ம.,

ஆட்கள் கூடலாம். ஆனால் எப்படிப்பட்டவர்கள்? 2022இல் பியூ ஆய்வு மையம் அமெரிக்காவில், இணைய சர்வேக்களுக்குத் தாங்களாகப் பதிவு செய்துகொண்டு பதில் சொல்கிறவர்களிடம், அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் இயக்க உரிமம் உண்டா என்று கேட்டது. 30 வயதுக்குட்பட்டவர்களில் 12 சதவீதம் பேர் உண்டு என்றார்கள்! எண்ணிக்கை மட்டும் போதுமென்றால் 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்குக் கருத்துக்கணிப்பு நடத்திய லிட்டரரி டைஜஸ்ட் இதழ் ஜெயித்திருக்க வேண்டும். அது அனுப்பிய மாதிரி வாக்குச்சீட்டுகளில் இருபது லட்சத்துக்கும் மேல் நிரப்பப்பட்டுத் திரும்பி வந்தன. லாண்டன் வெல்வார் என்றது. 48 மாநிலங்களில் 46ஐ ரூஸ்வெல்ட் எடுத்துக்கொண்டார்.

குலுக்கல் விஷயம் அவ்வளவுதான். நினைவூட்டல் அனுப்புங்கள், கைபேசியில் படிவம் ஒழுங்காகத் தெரிகிறதா பாருங்கள்.

எனக்குச் சுருக்கென்று தைத்தது 'பொறுப்பின்மை'. உங்கள் படிவத்தை நிரப்பிப் பார்த்தேன். 'என் நிறுவனமும் மேலதிகாரியும் என்னை மதிக்கிறார்கள்.' நிறுவனம் மதிக்கிறது, அதிகாரி மதிக்கவில்லை என்றால் எதை அழுத்துவது? வேலையே இல்லாதவர் என்ன செய்வார்? தாண்டிப் போகலாமென்றால், கட்டாயக் கேள்வி என்று காட்டும் சிவப்பு நட்சத்திரம் மறிக்கிறது. அவருக்கு இரண்டே வழி: பொய் சொல்வது, இல்லை எழுந்து போவது. எழுந்து போனவரைத்தான் நீங்கள் திட்டுகிறீர்கள்! எனக்கென்னவோ அவர்தான் யோக்கியர்.

இளம்வயதில் நானும் வீடுவீடாகப் படிவம் தூக்கியவன். கணவரின் வருமானம் கேட்டபோது ஒரு அம்மா, "அவரைப் பத்தி என்கிட்ட கேக்காதீங்க தம்பி. என்னைப் பத்திக் கேளுங்க, சொல்றேன்" என்றார். அந்த அம்மாவைப் பற்றிக் கேட்க எங்கள் படிவத்தில் ஒரு கேள்விகூட இல்லை. இப்படிப்பட்ட இடங்களில் 'தெரியாது' என்று குறிக்கும்படி எங்களை அனுப்பியவர்களின் உத்தரவு. அந்த அம்மாவுக்குத் தெரியாமலா இருந்தது? ஆனால் அறிக்கையில் அவர் விவரம் தெரியாத பெண்களில் ஒருவர். அன்று அதைப் பேனாவால் செய்தோம், இன்று நட்சத்திரம் செய்கிறது.

விடுபட்ட பதில் என்றால் ஏன் இவ்வளவு பயம்? வெற்றிடம் வெற்றிடமாகவே கண்ணுக்குத் தெரியும். கட்டாயப்படுத்தி வாங்கிய பதில் மற்ற பதில்களோடு கலந்துவிடும். அப்புறம் எந்த மென்பொருளாலும் முழுதாகப் பிரித்தெடுக்க முடியாது. உங்கள் வழிகாட்டி இதைச் சொல்லித்தரவில்லை என்றால் அவர் மேலும் எனக்குக் கோபம்தான்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். இத்தனை பேரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமென்று நினைத்தீர்களே, அந்த மனசு எனக்குப் பிடித்திருக்கிறது. பங்கேற்கச் சம்மதமா என்று கேட்கும் ஒப்புதல் கேள்வி ஒன்றைத் தவிர மற்ற நட்சத்திரங்களை எடுங்கள். 'எனக்குப் பொருந்தாது' என்று ஒரு வட்டம் சேருங்கள். அந்த இரட்டைக் கேள்வியை இரண்டாக உடையுங்கள். பிறகு பத்துப் பேரிடம் கொடுத்து, எந்தக் கேள்வியில் எழுந்து போகிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.