ஃபைபர் இருந்தும் ட்ராஃபிக் ஏன் ரேடியோவுல போகுது?

கேள்வி: கிருஷ்ணகிரி ஆபீசுக்கும் காவேரிப்பட்டணத்துல இருக்கிற எங்க மாம்பழக்கூழ் குடோனுக்கும் நடுவுல 1 ஜிபி ஃபைபர் இருக்கு, அது அறுந்தா உதவும்னு மொட்டைமாடியில ஒரு ரேடியோ லிங்க்கும் வச்சிருக்கோம். ரெண்டு பக்கமும் சிஸ்கோ ரவுட்டர், ஓஎஸ்பிஎஃப் (எந்த வழியா அனுப்பணும்னு ரவுட்டர்களே பேசி முடிவு பண்ற முறை) ஓடுது. ஃபைபர் நல்லா இருக்கும்போதே சில கம்ப்யூட்டர்ல மட்டும் பில்லிங் இழுக்குது, பக்கத்து சிஸ்டத்துல பறக்குது. ஏன் சார்?
- வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: 'சில கம்ப்யூட்டர்ல மட்டும்'னு எழுதினீங்க பாருங்க, பாதி விடை அதுலயே இருக்கு. உங்க ரவுட்டர் ரெண்டு லைனையும் சமமா நினைச்சு ட்ராஃபிக்கைப் பங்கு போடுது, ரேடியோ பக்கம் விழுந்த சிஸ்டம்தான் இழுக்குது. ரவுட்டர்ல ஷோ ஐபி ரூட் கமாண்ட் அடிச்சுப் பாருங்க, குடோன் நெட்வொர்க்குக்கு ரெண்டு நெக்ஸ்ட் ஹாப், அதாவது அடுத்துப் போற ரெண்டு வழி, தெரியும்.

ஓஎஸ்பிஎஃப்ல ஒவ்வொரு லைனுக்கும் காஸ்ட்னு ஒரு எண் உண்டு, குறைஞ்ச காஸ்ட் வழியைத்தான் ரவுட்டர் எடுக்கும், ரெண்டும் சமமா இருந்தா பங்கு போடும். 1998ல வந்த ஓஎஸ்பிஎஃப் விதி ஆவணமான ஆர்எஃப்சி 2328, காஸ்ட் எவ்வளவுங்கிறதை அட்மின் கையில விட்டுடுச்சு. நாம எதுவும் போடலேன்னா சிஸ்கோ 100 எம்பிபிஎஸ்ஸை போர்ட் ஸ்பீடால வகுத்துக்கும், 1க்கு கீழ வந்தா 1னே வச்சுக்கும், அதனால 100 எம்பி போர்ட்டும் 1 ஜிபி போர்ட்டும் ஒரே காஸ்ட்தான். நிறைய பேர் உடனே அந்த 100ஐ 10000 ஆக்குற ஆட்டோ-காஸ்ட் ரெஃபரன்ஸ்-பேண்ட்வித் 10000னு கமாண்ட் போடச் சொல்வாங்க. போடுங்க, எல்லா ரவுட்டர்லயும் ஒரே அளவா போடுங்க, ஆனா அது மட்டும் போதாது, ஏன்னா ரேடியோ டப்பாவும் ஜிகாபிட் போர்ட்லதான் சொருகியிருக்கும், காத்துல எவ்வளவு போகுதுன்னு ரவுட்டருக்கு எப்படித் தெரியும், அது பாக்கிறது போர்ட்டை மட்டும்தான். அதனால ரேடியோ இன்டர்ஃபேஸ்ல கையால ஐபி ஓஎஸ்பிஎஃப் காஸ்ட் 100 போடுங்க. காஸ்ட் வெளியே போற திசைக்கு மட்டும்தான், குடோன் பக்கமும் போடலேன்னா அங்கிருந்து வர்ற ட்ராஃபிக் பழையபடியே பங்கு பிரியும். காஸ்ட் மாத்தினா நெய்பர் (எதிர்ப்பக்க ரவுட்டரோட இருக்கிற ஓஎஸ்பிஎஃப் தொடர்பு) அறுந்து போகாது, பயப்படாம பகல்லயே செய்யலாம்.

இன்னொண்ணு, நீங்க கேக்கல, ஆனா சீசன்ல லோடு ஏத்துற நேரத்துல மாட்டிக்கக் கூடாதுன்னு சொல்றேன். ஃபைபர் மீடியா கன்வர்ட்டர் (ஃபைபரைச் சாதா நெட்வொர்க் கேபிளுக்கு மாத்துற டப்பா) வழியா வந்தா, வெளியில கேபிள் அறுந்தாலும் ரவுட்டர் போர்ட் பெரும்பாலும் அப்லயேதான் நிக்கும். அப்போ எதிர்ப்பக்கத்துல இருந்து ஹலோ செய்தி வராம டெட் டைமர் 40 செகண்ட் முடிஞ்சாதான் ரேடியோவுக்கு மாறும். ஃபைபர் இன்டர்ஃபேஸ்ல ஹலோ 1, டெட் 4 செகண்ட்னு குறைச்சுக்கலாம், ஆனா ரெண்டு பக்கமும் ஒரே நம்பர் இல்லேன்னா நெய்பரே வராது. குடோன் ரவுட்டரை முதல்ல மாத்துங்க, ஃபைபர் நெய்பர் விழுந்தாலும் ரேடியோ வழியா உள்ள போக முடியும், அப்புறம் ஆபீஸ் பக்கம் மாத்துங்க.