பொம்மையோடு மல்லுக்கட்டும் பூனைக்குட்டி: கேள்வி-பதில்

இரண்டரை மாதக் குட்டி. துணி எலியைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய் உறுமுகிறது. எடுக்கப் போனால் சீறுகிறது. குணம் கெட்டுவிட்டதா? (கும்பகோணம்)

இல்லை. அதைப் பொறுத்தவரை அது நிஜ எலிதான். தாய்ப்பூனை எலியைக் கொண்டுவந்து போட்டால் கூடப்பிறந்த குட்டிகளையே இப்படித்தான் உறுமி விரட்டும். பிடுங்காதீர்கள். பிடுங்கப் பிடுங்க உறுமல் ஏறும். இன்னொரு பொம்மையை இரண்டடி தள்ளித் தரையில் இழுத்துக் காட்டுங்கள், அல்லது வேகவைத்த கோழித் துணுக்கு ஒன்றை வையுங்கள். வாய் தானாகத் திறக்கும்.

பொம்மையைக் கட்டிப்பிடித்துப் பின்னங்கால்களால் படபடவென்று உதைக்கிறது. கோபமா?

வேட்டைப் பயிற்சி. பழைய சாக்ஸில் துணி அடைத்து, ஒரு சாண் நீளத்துக்குத் தைத்துக் கொடுங்கள். பட்டன் வேண்டாம். நூல் தொங்கக் கூடாது.

இரண்டு குட்டிகள் கட்டிப்புரள்கின்றன. விளையாட்டா, சண்டையா? (திருநெல்வேலி)

காதைப் பாருங்கள், சத்தத்தைக் கேளுங்கள். விளையாட்டு பெரும்பாலும் சத்தமில்லாமல் நடக்கும். ஒருமுறை இது மேலே, அடுத்தமுறை அது மேலே. காது படிந்து, முடி சிலிர்த்து, ஒன்று அலறிக்கொண்டு ஓடி ஒளிந்தால் சண்டை. நடுவில் தலையணையை வைத்துப் பிரியுங்கள். கையை விடாதீர்கள்.

சின்னக் குட்டியாக இருந்தபோது என் கணவர் விரலை ஆட்டி விளையாடுவார். இப்போது ஐந்து மாதம், கடித்தால் ரத்தம் வருகிறது. போன வாரம் மாமியாரின் காலைப் பிடித்துவிட்டது. அடித்தோம், தண்ணீர் தெளித்தோம், அடங்கவில்லை. யாருக்காவது கொடுத்துவிடலாமா? (சேலம்)

எனக்கு வருகிற கடிதங்களில் மனம் நோகச் செய்வது இந்த ஒரு கடிதம்தான். ஊர் மட்டும் மாறும். கையைப் பொம்மையாகக் கொடுத்தது நீங்கள். தண்டனை மட்டும் குட்டிக்கா?

போன மாதம் ஓர் இளைஞர் தன் குட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கோடுகோடாகக் கீறல், சில ஆறியவை, சில அன்று காலை விழுந்தவை. குட்டி ஒரு மாத வயதில் அவர் விரலோடு மல்லுக்கட்டும் வீடியோவைச் சிரித்தபடி காட்டினார். மேசைமேல் இருந்த குட்டி அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. விரல் அசைகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும் கற்கிறது. ஓங்கிக் கடித்தால் எதிர்க்குட்டி கத்திவிட்டு விளையாட்டை விட்டுப் போய்விடும். பாடம் அவ்வளவுதான். முப்பதே நாளில் தூக்கிவந்தால் அந்தப் பாடம் பாதியில் நின்றுபோகும். எட்டு வாரத்துக்கு முன் பிரிக்காதீர்கள், பன்னிரண்டு வாரம் என்றால் இன்னும் நல்லது. எத்தனை முறை எழுதினாலும் யாரும் கேட்பதில்லை. மூன்றரை மாதத்திலிருந்து ஆறு மாதம்வரை பால்பல் விழுந்து நிரந்தரப் பல் முளைக்கும். அப்போது கடிக்கும் ஆசையும் கூடுதலாக இருக்கும்.

மாமியாரின் காலில் குறை இல்லை. நடக்கும்போது ஆடும் புடவைக் கரைதான் அதற்கு இரை.

இன்றோடு கை விளையாட்டு முடிந்தது என்று வீட்டில் எல்லோரும் முடிவெடுங்கள். ஒருவர் மீறினாலும் பயனில்லை. கடித்தால் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், ஓடுவது எதுவும் அதற்கு இரை. கையை அசைக்காமல் வைத்து, பிடி தளர்ந்ததும் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுங்கள். ஒரு நிமிடம் போதும். தினமும் இரண்டு மூன்று முறை, பத்துப் பத்து நிமிடம், குச்சியில் கட்டிய இறகைக் காட்டி ஓடவிடுங்கள். பூனைக்கு ரத்தம் சூடேறுவது விடிகாலையிலும் அந்தியிலும்தான், அந்த நேரமாகப் பாருங்கள். கடைசியில் இறகைப் பிடிக்க விட்டு, உடனே சாப்பாடு வையுங்கள். தின்று, நக்கிச் சுத்தம் செய்துகொண்டு, தூங்கிவிடும். சில வாரம் பொறுமை வேண்டும். விளையாட்டு முடிந்ததும் குச்சியையும் நூலையும் அலமாரிக்குள் பூட்டுங்கள்.

அடிக்கவே கூடாது. எதற்கு அடி என்று அதற்குப் புரியாது. உங்கள் கைமேல் பயம் மட்டும் மிஞ்சும், பயந்த பூனை இன்னும் ஆழமாகக் கடிக்கும். யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம்.

லேசர் விளக்கு காட்டலாமா?

கண்ணில் படாமல், கொஞ்ச நேரம். முடிக்கும்போது புள்ளியை ஒரு பொம்மைமேல் நிறுத்தி அதைப் பிடிக்க விடுங்கள். எதையும் பிடிக்காத வேட்டை குட்டியை எரிச்சலாக்கும்.

கேட்னிப் (பூனைகளைக் கிறங்கவைக்கும் புதினா வகைச் செடி) அடைத்த பொம்மையைக் குட்டி சீண்டவே இல்லை.

வயது போதவில்லை. ஆறு மாதத்துக்குப் பின் பாருங்கள், சில பூனைகளுக்கு எப்போதும் பிடிக்காது. அதற்குப் பதிலாகக் குப்பைமேனி வேரைப் பிடுங்கிக் கொடுக்காதீர்கள். பூனைவணங்கி என்று பெயர் இருந்தாலும் அதில் நச்சுப்பொருள் உண்டு.

விளையாடும்போது கடித்து லேசாக ரத்தம். வீட்டுக்குள்ளேயே வளர்கிற குட்டி. அதற்கு வெறிநோய்த் தடுப்பூசி போடலாமென்று இருக்கிறோம். எங்களுக்கு ஊசி வேண்டுமா? (திருச்சி)

வேண்டும். குட்டி எங்கிருந்து வந்தது, வயது என்ன, கடித்து எத்தனை நாள் என்று ஒன்றுமே எழுதவில்லை. "போடலாமென்று இருப்பது" தடுப்பூசி ஆகாது. கடி, கீறல் எதுவானாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தம் வந்த கடிக்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் (உடனடிப் பாதுகாப்பு தரும் எதிர்ப்புப் புரத ஊசி) தேவைப்படும். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். குட்டிக்கு மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.

பூ கட்டும் நூலோடு விளையாடிய குட்டி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, வாந்தி. ஒரு முழம் நூலைக் காணவில்லை. விளக்கெண்ணெய் கொடுக்கலாமா? (மதுரை)

கொடுக்காதீர்கள். இதற்குக் கடிதம் எழுதி நாள் கடத்தியிருக்கக் கூடாது. நூலின் ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பையிலோ மாட்டிக்கொள்ளும், மறுமுனையைக் குடல் இழுக்கும். சுருக்குப்பையின் கயிற்றை இழுத்தது போலக் குடல் மடிமடியாகச் சுருங்கி, நூல் அதை அறுக்கும். அறுவைச் சிகிச்சைதான் பெரும்பாலும் வழி. வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், வெட்டாதீர்கள். இதைப் படித்ததும் குட்டியைக் கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கிளம்புங்கள். மிச்சமிருக்கும் நூல்கண்டையும் எடுத்துப் போங்கள், எந்த நூல் என்று அவர் பார்க்க வேண்டும்.